ஏற்றுமதியில் லாபம் யாருக்கு? நஷ்டம் யார் தலையில்?

(தாம்பரம் வட்டார ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஏற்றுமதி. "அது முதலாளிமார் விஷயம், கப்பல் கம்பெனிக்காரர் விஷயம், ஏர் பிடிப்பவனும் மிஷின் ஓட்டுபவளும் அதைத் தெரிந்து என்ன ஆகப் போகிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். நாம் சொல்கிறோம்: அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களில் முதல் வரிசை நாம்தான். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை, ரயில் பாதையின் இரு பக்கமும் திரும்பிப் பாருங்கள். அனகாபுத்தூர்த் தறி, பல்லாவரம் தோல், தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகம் ஆகிய மூன்றும் கடலுக்கு அப்பால் இருப்பவனுக்காகச் சரக்கு செய்த இடங்கள். நம்மில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுத்ததால். அவன் ஆர்டரை நிறுத்தினால் அடுப்பு அணைகிறது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். ஏற்றுமதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எண்ணெயும் இயந்திரமும் மருந்துச் சரக்கும் வாங்க நாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். அதற்கு நாம் எதையாவது விற்றாக வேண்டும். கேள்வி அதுவல்ல. வியாபாரம் நடக்கும்போது வரும் லாபம் எந்தப் பக்கம் போகிறது, வியாபாரம் முறியும்போது நஷ்டம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. இதற்கு நம் வட்டாரமே பதில் சொல்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அனகாபுத்தூர்த் தறிகள் ஓய்ந்த கதை

கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு உலகச் சந்தையில் "மெட்ராஸ்" என்றே பெயர். 17ஆம் நூற்றாண்டிலேயே நமது சோழமண்டலக் கரையிலிருந்து இந்தத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. ஐரோப்பியக் கம்பெனிகள் இங்கே துணி வாங்கி, அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கிய கொடுமையும் அந்த வியாபாரத்தில் கலந்திருந்தது. நெய்தவனுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் தடுக்கும் சக்தி அவனுக்கு இல்லை.

அடிமை வியாபாரம் ஒழிந்த பிறகும் அந்தத் துணிக்கு அங்கே மதிப்பு குறையவில்லை. நைஜீரியாவில் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் கலியாணத்துக்கும் சாவுக்கும் இந்தத் துணியைத்தான் உடுத்துவார்கள். அதன் நூல்களை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்து, புதுக்கோலம் உண்டாக்கி உடுத்துவது அவர்கள் கலை. நம்மூர்த் தறித் துணியை உலகிலேயே அதிக மரியாதையோடு உடுத்தியவர்கள் அவர்கள் என்று சொல்லலாம்.

அந்தச் சந்தைக்காக அனகாபுத்தூரில் "மெட்ராஸ் கைக்குட்டை" என்ற துணியை நெய்தார்கள். பிறகு 1970-களில் நைஜீரிய சர்க்கார் தன் நாட்டு ஆலைகளைக் காப்பதற்காகத் துணி இறக்குமதிக்குத் தடை போட்டது. அதைத் தவறு என்று நாம் சொல்ல முடியாது. தன் நாட்டுத் தொழிலைக் காக்க அந்த மக்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இங்கே என்ன நடந்தது? வியாபாரி வேறு சரக்குக்கு மாறினான். ஏஜெண்டு வேறு நாட்டுக்கு மாறினான். தறிக்காரன் எதற்கு மாறுவான்? அவன் தறி அந்த ஒரு துணிக்கென்றே பூட்டிய தறி. வேறு வேலை தேடிப் போனவர்கள் பலர். மிஞ்சியவர்கள் வாழை நாரையும் சணலையும் நெய்து பிழைக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் திறமைக்கு நம் வணக்கம். ஆனால் ஒரு ஊர் தறிகளின் தலையெழுத்தை இன்னொரு கண்டத்துத் துறைமுகத்தில் எழுதினார்கள் என்பதையும், அந்த நாளில் நெசவாளிக்குக் கை கொடுக்க இங்கே எந்த ஏற்பாடும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. இது முதல் பாடம்.

பாதிச் சரக்காக விற்ற தோல்

இரண்டாவது, தோல். குரோம்பேட்டை என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1910-களில் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. கம்பெனி இன்று இல்லை. பெயர் மட்டும் ரயில் நிலையப் பலகையில் நிற்கிறது. ஆனால் அதற்கு முந்திய கதை இன்னும் முக்கியமானது.

அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பல் ஏறிய தோல் பெரும்பாலும் பாதிச் சரக்கு. கிராமத்தில் மாடு செத்தால் ஊர்க்கோடியில் ஒதுக்கிவைக்கப்பட்ட நம் மக்கள் தோலை உரித்துக் கொடுப்பார்கள். அதை ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிடுவார்கள். அந்த ஆவாரம் பட்டையைக் காட்டிலும் கரம்பிலும் உரித்துச் சேர்த்ததும் கூலி ஜனங்கள்தான். இந்தத் தோல் லண்டனுக்குப் போய் அங்கே ஏலத்தில் விற்கும். வாங்கியவன் அதைச் செப்பனிட்டு, சாயமேற்றி, பூட்ஸாக்கி விற்பான். ஒரு தோலில் நாற்றமும் நனைவும் எங்கெங்கே உண்டோ அந்த வேலை முழுவதும் இங்கே. காசு எங்கே அதிகமோ அந்த வேலை அங்கே. விலையோ லண்டன் ஏலத்தில் தீர்ந்தது. உரித்தவனும் ஊறவைத்தவனும் அந்த ஏலக் கூடத்தைக் கனவிலும் கண்டதில்லை.

இதை மாற்ற முடியாதா? முடியும் என்று 1903-லேயே ஒருவர் காட்டினார். சென்னை ஆர்ட்ஸ் ஸ்கூலில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், குரோம் முறையில் தோல் பதனிடும் பரிசோதனையைச் சர்க்கார் பணத்தில் தொடங்கினார். இங்கேயே முழுச் சரக்காக்கும் முறை அது. விவசாயத் தோழர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தக் குரோம் தோலின் முதல் உபயோகங்களில் ஒன்று கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சால். தண்ணீரில் ஊறினாலும் பழைய தோலைவிட நீடித்து உழைத்தது. ஆனால் சர்க்காரே தொழில் நடத்துவதா என்று ஐரோப்பிய வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். 1910-ல் லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு, சர்க்கார் இப்படித் தொழில் நடத்தக் கூடாது என்று உத்தரவு அனுப்பினார். சென்னை சர்க்கார் அந்தத் தொழிற்சாலையைக் கைகழுவியது.

பிறகு முதல் உலக யுத்தம் வந்தது. பிரிட்டிஷ் ராணுவத்துக்கு பூட்ஸ் வேண்டும். 1916 முதல் சென்னைத் தோலை சர்க்காரே நேரில் வாங்கிக் கப்பலில் ஏற்றிற்று. ஆறு வருஷத்துக்கு முன் "சர்க்கார் தொழிலில் தலையிடக் கூடாது" என்ற கொள்கை எங்கே போயிற்று? அவர்கள் தேவைக்கு முன்னால் கொள்கை வாய் பொத்திக்கொண்டது. யுத்தம் முடிந்ததும், 1919-ல், பதனிடாத பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவிகித வரி போட்டார்கள். இந்தியத் தோல் தொழிலுக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தோல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள்ளேயே போய்ப் பதனிடப்பட்டால் வரியில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி! 1923-ல் அந்த வரியும் 5 சதவிகிதமாகச் சுருங்கிற்று.

சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. முழுச் சரக்காக்கும் வித்தையை நம் விஞ்ஞானிகள் வளர்த்தார்கள். இருந்தும் மேலும் 25 வருஷம் பாதிச் சரக்கே பெரும்பாலும் கப்பல் ஏறிற்று. அதற்கிடையில் 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் 4 ரூபாய் 76 பைசாவிலிருந்து 7 ரூபாய் 50 பைசா ஆயிற்று. அர்த்தம் என்ன? நேற்றுவரை 4 ரூபாய் 76 பைசாச் சரக்கை அனுப்பிச் சம்பாதித்த ஒரு டாலருக்கு, இன்று ஏழரை ரூபாய்ச் சரக்கு அனுப்பலாம், அனுப்பினால்தான் போட்டியில் நிற்கலாம் என்பதே. பாதிச் சரக்கு விற்பவன் நிலை எப்போதும் இதுதான். விலையைக் குறைப்பது ஒன்றே அவனுக்குத் தெரிந்த போட்டி.

மாற்றம் எப்போது வந்தது? 1972-ல் சீதாராமையா கமிட்டி ஆராய்ந்து சொன்னது. 1973-ல் மத்திய சர்க்கார் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அளவு நிர்ணயம் செய்து, 25 சதவிகித வரியும் போட்டது. முழுச் சரக்குக்குச் சலுகை கொடுத்தது. "தொழில் அழிந்துவிடும்" என்று அப்போதும் பலர் சொன்னார்கள். அழியவில்லை. பல்லாவரத்திலும் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முழுத் தோலும், ஷூவின் மேல்பாகமும், பிறகு முழு ஷூவும் செய்யும் ஷாப்புகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் தையல் மிஷினில் அமர்ந்தார்கள்.

சந்தை தானாகவே இதைச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். 70 வருஷமாகச் சந்தை சும்மா இருந்தது. சர்க்கார் ஒரு கோட்டைக் கிழித்து, "இதற்குக் கீழே விற்காதே" என்று சொன்னபோதுதான் வேலை இங்கே தங்கியது. ஆனால் அந்தக் கோடு சரக்குக்கு மட்டுமே கிழிக்கப்பட்டது. அந்தச் சரக்கைச் செய்யும் கைக்குக் கோடு கிழிக்கப்படவில்லை. சின்ன ஷாப்காரர்கள் பெரிய ஏற்றுமதிக்காரருக்குக் கூலிக்குப் பதனிடுபவர்களாக மாறினார்கள். அந்தக் கூலிக்குள்ளே கூலி, நம் தொழிலாளி.

அவர்கள் காலுக்கு ஒரு சட்டம், நம் கைக்கு?

இனி நாம் சொல்லப் போவதை நன்றாக மனதில் வாங்குங்கள். இன்றைய பேச்சின் சாரம் இதில்தான் இருக்கிறது.

ஈரத் தோலில் பூசணம் பிடிக்காமலிருக்க ஒரு ரசாயனம் போடுவார்கள். பெண்டாகுளோரோபீனால் என்பது அதன் பெயர், சுருக்கமாக பி.சி.பி. அது விஷம். சருமத்தின் வழியாகவே உடம்பில் ஏறக்கூடியது. பல வருஷம் நம் டேனரிகளில் அதைப் போட்ட தோலைத் தொழிலாளிகள் வெறுங்கையால் அள்ளினார்கள், புரட்டினார்கள், தலையில் சுமந்தார்கள். யாரும் கேட்கவில்லை.

1989 டிசம்பரில் மேற்கு ஜெர்மனி சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. ஒரு கிலோ சரக்கில் 5 மில்லிகிராமுக்கு மேல் இந்த பி.சி.பி. இருந்தால் அந்தச் சரக்கு உள்ளே வரக் கூடாது. அதாவது பத்து லட்சம் பங்கில் ஐந்து பங்கு! தன் நாட்டு மக்கள் ஷூ போட்டால் காலில் விஷம் ஏறக் கூடாதே என்ற அக்கறை. நியாயமான அக்கறை. அதை நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் இங்கே நடந்ததைப் பாருங்கள். ஏற்றுமதிக்காரர்கள் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினார்கள். ஆராய்ச்சி நிலையத்தில் பரிசோதனை, மாற்று மருந்து, சர்டிபிகேட் என்று தொழில் முழுவதும் ஒரே பரபரப்பு. கொஞ்ச காலத்தில் அந்த விஷம் டேனரிகளை விட்டு வெளியேறத் தொடங்கியது. 1994-ல் ஜெர்மனி சில சாயங்களுக்குத் தடை போட்டபோதும் இதே கதைதான்.

முடிந்த ஷூவில் ஒட்டியிருக்கும் துளி விஷம், சாக்ஸ் போட்ட காலைத் தொடக் கூடாது என்பதற்கு உலகமே எழுந்து நின்றது. பீப்பாய் பீப்பாயாக அதே விஷத்தைக் கலக்கிய கைக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை. மாற்று மருந்து இல்லாமலா இத்தனை வருஷம் மாற்றவில்லை? கேட்பதற்கு அதிகாரமுள்ள ஆள் இல்லாததால் மாற்றவில்லை. வாங்குகிறவன் கேட்டான், மாறியது. செய்கிறவன் கேட்டிருந்தால்? அவனுக்குக் கேட்கும் பலம் இல்லை, ஆகவே மாறவில்லை. வெளிநாட்டுச் சந்தையின் தர்மம் இதுதான், தோழர்களே!

தண்ணீர் விஷயமும் அப்படியே. நாகல்கேணிப் பக்கம் பழைய கிணறுகளின் கதை உங்களுக்குத் தெரியும். ஒரு கிலோ தோல் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. போன தண்ணீர் உப்பும் குரோமியமும் சுமந்து நிலத்தில் இறங்குகிறது. வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் வந்த தீர்ப்பு அது. டேனரி வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்ற ஆராய்ச்சிக் கணக்கும் அதில் இடம்பெற்றது. அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது என்பதற்காக மண்ணையும் தண்ணீரையும் மக்கள் ஆரோக்கியத்தையும் அழிக்க எந்தத் தொழிலுக்கும் உரிமையில்லை என்று கோர்ட்டு அறுதியிட்டது. ஐந்து ஜில்லாக்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றில் நம் செங்கை ஜில்லாவும் ஒன்று.

யோசித்துப் பாருங்கள். ஜெர்மனிக்காரன் கொடுத்த விலையில் அந்த 35 லிட்டர் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு அடங்கியிருந்ததா? இல்லை. கிணறு கெட்ட விவசாயியும், நடவு நாட்கள் குறைந்துபோன கூலிக்காரியும், குடம் தண்ணீர் காசு கொடுத்து வாங்கிய குடும்பமும்தான் அந்தச் செலவைக் கட்டினார்கள். ஷூ மலிவாகக் கிடைத்தது என்றால், அந்த மலிவை நம் கிணறு கொடுத்தது.

தீர்ப்புக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. நல்லதே. ஆனால் அங்கேயும் சுமை கீழேதான் இறங்கிற்று. 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் செத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள், பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் மேல் பாய்ந்தது, வெளிநாட்டுக்குப் போன தோலை அலசிய கழிவு.

ஆர்டர் எப்படி ஓடுகிறது?

மூன்றாவது, நம் தாம்பரம் வளாகம். இந்தியாவில் இப்படிப்பட்ட ஏற்றுமதி வளாகம் முதன்முதல் 1965-ல் கண்ட்லாவில் வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் 1984-ல் வந்தது. 2003 முதல் அதன் பெயர் சிறப்புப் பொருளாதார மண்டலம். உள்ளே வரும் கச்சாப் பொருளுக்குச் சுங்கம் இல்லை. சரக்கு வெளியே, வெளிநாட்டுக்கு. வேலிக்கு உள்ளே இருப்பது நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்.

அங்கே ஓர் ஆர்டர் எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்குபவன், பையர் என்கிறார்களே, அவன் முதலில் சாம்பிள் கேட்பான். பிடித்தால் விலை பேசுவான். விலை அவனே சொல்வான். இங்கே ஒப்பவில்லையென்றால் பங்களாதேஷ் இருக்கிறது, வியட்நாம் இருக்கிறது என்பான். தேதியும் அவனே வைப்பான். முற்காலத்தில் பாங்கி மூலம் எல்.சி. என்ற உறுதிக் கடிதம் வரும். சரக்கு ஏறினால் பணம் வரும் என்ற தைரியம் உண்டு. இப்போது பல பெரிய பையர்கள் அதுவும் தருவதில்லை. சரக்கு போய்ச் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம். அதுவரை நூலுக்கும் தோலுக்கும் சம்பளத்துக்கும் கடன் வாங்குவது இங்கே உள்ளவன். 2020-ல் கொரோனா வந்தபோது தைத்து முடித்த சரக்கைக்கூட வேண்டாமென்று உலகமெங்கும் பையர்கள் தள்ளினார்கள். யாரைக் கேட்பது?

தேதி தவறினால் என்ன? கப்பல் போய்விடும். அப்போது சரக்கை விமானத்தில் அனுப்பச் சொல்வான். விமானக் கூலி கப்பல் கூலியைப் போல் பல மடங்கு. அதை இங்கே உள்ளவன் தலையில் கட்டுவான். இங்கே உள்ளவன் யார் தலையில் கட்டுவான்? தையல் வேலை செய்யும் ஒரு தங்கை நம்மிடம் சொன்னாள்: "அண்ணே, துணி வர்றது லேட்டு, பட்டன் வர்றது லேட்டு, அதுக்கெல்லாம் யாரையும் கேக்கமாட்டாங்க. கடைசி மூணு நாள்ல எங்களைத்தான் விரட்டுவாங்க. ஒண்ணுக்குப் போகக்கூட டோக்கன்." இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியாது. பாரிசிலோ நியூயார்க்கிலோ வைத்த தேதி, வரிசை வரிசையாக இறங்கி, கடைசியில் ஒரு பெண்ணின் உடம்பில் வந்து நிற்கிறது.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். ஒரு சட்டைக்கு பையர் 5 டாலர் தருகிறான். அவன் நாட்டில் சுங்க வரி ஏறுகிறது. "அரை டாலர் குறை" என்கிறான். துணி விலை குறையுமா? குறையாது. கரண்டு கட்டணம் குறையுமா? குறையாது. கப்பல் கூலி, பாங்கி வட்டி குறையுமா? குறையாது. குறைக்கக்கூடியது எது? கூலி, அல்லது அதே கூலிக்கு வேகம். ஆகவே அந்த அரை டாலர் எங்கிருந்து வரும் என்பது நமக்கு முன்பே தெரிந்த விடை.

இது வெறும் கற்பனையல்ல. 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பெரும்பாலானவற்றின் மேல் 50 சதவிகிதம் வரையில் கூடுதல் வரி விதித்தது. அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்குத் தண்டனையாம்! எண்ணெய் வாங்கியது திருப்பூர்த் தையல்காரியா? ஆம்பூர் ஷூத் தொழிலாளியா? அவர்கள் ஆர்டர்தான் நின்றது. வரி நாளை ஏறலாம், இறங்கலாம்; பெரியவர்கள் கை குலுக்கலாம். வேலை போன அந்த மாதத்துச் சம்பளத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? அனகாபுத்தூரில் 1970-களில் கண்டதையே 50 வருஷம் கழித்து மறுபடி காண்கிறோம்.

இதற்கிடையே, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. இனி எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பதினாலு நாளில் சரக்கு கப்பல் ஏறிவிடும். ஆனால் ஆர்டரை ரத்து செய்ய பையருக்கு 14 நாள் நோட்டீஸ் உண்டா? ஒரு கடிதம் போதும்.

திண்டுக்கல் காட்டிய வழி

அப்படியானால் நம்மால் ஆவது ஒன்றுமில்லையா? உண்டு. அதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

திண்டுக்கல் ஜில்லாவில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சட்டை தைத்த ஓர் ஆலையில் வேலை செய்த இளம் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொலையுண்டார். அவருடைய சூப்பர்வைசரே கைதானான். தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்துப் பெண்கள் அழுதுவிட்டு அடங்கிப் போகவில்லை. ஆலையின் கதவை மட்டும் தட்டினால் போதாது, வாங்குகிறவன் கதவையும் தட்ட வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளும் தோள் கொடுத்தன. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எச் அண்ட் எம், காப், பி.வி.எச். ஆகிய பெரிய பையர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தத்தின் உயிர் நாடி ஒன்றே: பெண்களுக்குக் கொடுத்த உறுதியை ஆலை மீறினால், பையர் ஆலையின் வியாபாரத்தில் கைவைக்க வேண்டும். தையல் வரிசைகளில் தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணித்தார்கள்.

பாருங்கள்! தேதிக்காகவும் ரசாயனத்துக்காகவும் ஆலையை ஆட்டிப் படைத்த அதே கயிற்றை, இங்கே தொழிலாளியின் மானத்துக்காக இழுத்தார்கள். பி.சி.பி. விஷயத்தில் வாங்குகிறவன் குரல் மட்டும் கேட்டது. திண்டுக்கல்லில் செய்கிறவள் குரலும் அந்தக் காகிதத்தில் ஏறிற்று.

இன்னொன்று. ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் வந்தது. அங்கே உள்ள பெரிய கம்பெனி, தனக்குச் சரக்கு தரும் வெளிநாட்டு ஆலையில் தொழிலாளர் உரிமை மிதிக்கப்பட்டாலும் பதில் சொல்ல வேண்டும். புகார் வாங்க வழி வைக்க வேண்டும். அதைத் தளர்த்தும் முயற்சியும் அங்கே தொடங்கிவிட்டது. ஆகவே அதையே நம்பி இருக்கக் கூடாது. ஆனால் இருக்கும் கருவியைப் பயன்படுத்தாமல் விடவும் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே தோழர்களே, நாலு காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது: நாம் செய்யும் சரக்கு யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வோம். பெட்டியில் ஒட்டிய பெயரைப் படியுங்கள், குறித்து வையுங்கள். பையர் பெயர் தெரியாத தொழிலாளி, முதலாளியின் முதலாளியைத் தெரியாதவன்.

இரண்டாவது: ரசாயனம் எதுவானாலும் அது என்ன, தொட்டால் என்ன ஆகும், என்ன உறை போட வேண்டும் என்று தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லிக் கேட்போம். வெளிநாட்டுக்காரன் காலுக்கு உள்ள அளவுகோல் நம் கைக்கும் வேண்டும். கழிவுத் தொட்டியில் ஆளை இறக்குவதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விஷவாயுவில் போன உயிர்கள் போதும்.

மூன்றாவது: ஆர்டர் நின்றால் தொழிலாளி பட்டினி என்ற ஏற்பாடு ஒழிய வேண்டும். சட்டப்படி லே-ஆப் காலத்துக்குப் பாதிச் சம்பளம் உண்டு. ஆனால் காண்டிராக்டு தொழிலாளிகள் கைக்கு அது வந்து சேருவது அரிது. ஏற்றுமதி வளர்ந்த காலத்தில் சுங்கச் சலுகையும் வட்டிச் சலுகையும் வாங்கியவர்களிடமிருந்தே ஒரு பங்கைப் பிடித்து, ஆர்டர் முறியும் காலத்துக்கு நிதி வைக்கும்படி சர்க்காரைக் கேட்போம். 1973-ல் சரக்குக்குக் கோடு கிழிக்க முடிந்த சர்க்காருக்குக் கூலிக்குக் கோடு கிழிக்க ஏன் முடியாது?

நாலாவது: ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒருவரையொருவர் எதிராளியாகப் பார்க்கக் கூடாது. "கிணறு கெடுகிறது, டேனரியை மூடு" என்று கிராமம் கேட்க, "மூடினால் சோறு ஏது?" என்று டேனரித் தொழிலாளி திருப்பிக் கேட்க, இருவரும் மோதினால் நடுவில் நின்று லாபம் எண்ணுகிறவன் நிம்மதியாக எண்ணுவான். தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவும் முழுக் கூலியும் சரக்கின் விலைக்குள்ளே ஏற வேண்டும் என்று இருவரும் சேர்ந்து கேட்டால், கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

விலை ஏறினால் ஆர்டர் போய்விடுமே என்று பயமுறுத்துவார்கள். 5 மில்லிகிராம் சட்டம் வந்தபோதும் செலவு ஏறியது, ஆர்டர் போகவில்லை. பாதிச் சரக்குக்குத் தடை வந்தபோதும் தொழில் போகவில்லை. செலவு யாருக்காக ஏறுகிறது என்பதைப் பொறுத்தே இந்தப் பயம் காட்டப்படுகிறது. அதை நினைவில் வையுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரவர் வேலை செய்யும் இடத்திலிருந்து மூன்று விவரம் கொண்டு வாருங்கள்: எந்த நாட்டுக்கு, எந்தப் பெயருக்குச் சரக்கு போகிறது, என்னென்ன ரசாயனம் கையாளுகிறீர்கள், கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை நாள் வேலையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கிராமத்துத் தோழர்கள் எந்தெந்தக் கிணறு கெட்டது, எப்போதிலிருந்து என்று எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். அந்தக் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு அடுத்த பேச்சைத் தொடங்குவோம்.